எண்ணப்படாத சாவுகள்: புவெர்த்தோ ரிக்கோவின் இரண்டு புயல்கள்

மின்சாரம் எட்டாத காலத்து வீடுகளில் தொங்கிய அரிக்கேன் விளக்கைத் தமிழர் அறிவர். காற்றில் அணையாத கண்ணாடிக் கூண்டு விளக்கு என்பதால் அதற்கு ஆங்கிலத்தில் புயலின் பெயர் வாய்த்தது. அந்த ஆங்கிலச் சொல் ஸ்பானியத்திலிருந்து பெறப்பட்டது. ஸ்பானியர் அதைக் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டனர். சொல் உலகைச் சுற்றித் தமிழ் அடுக்களை வரை வந்துசேர்ந்தது. அதைப் பேசியவர்களின் மொழியோ, ஸ்பானிய ஆட்சியின் கீழ் வழக்கொழிந்தது. 'உரகான்' என்பது தைனோக்களின் புயல் தெய்வம் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். கொலம்பஸின் காலத்திலேயே ஹிஸ்பானியோலாவில் தங்கித் தைனோ நம்பிக்கைகளைப் பதிவுசெய்த ரமோன் பானே என்னும் துறவி குறிப்பிடுவது வேறு: காற்றையும் நீரையும் கிளர்த்தி வீடுகளைச் சாய்ப்பவள் குவாபான்செக்ஸ் என்னும் பெண் தெய்வம். பொதுச்சொல் ஒன்று பிற்காலத்தார் கையில் கடவுளாகிவிட்டது.

தைனோக்கள் 'போரிக்கேன்' என்று அழைத்த தீவே இன்றைய புவெர்த்தோ ரிக்கோ. அத்தீவை 1899இல் தாக்கிய சான் சிரியாக்கோ புயலுக்கும் 2017இல் தாக்கிய மரியா புயலுக்கும் இடையே நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கிடக்கின்றன. இரண்டிலும் மூவாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் மக்கள் மடிந்தனர். வானிலை அறிவியல், மருத்துவம், போக்குவரத்து, கட்டுமானம் என எல்லாமே மாறிப்போன ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் சாவுக் கணக்கு ஏறத்தாழ அப்படியே நின்றது என்றால், மாறாமல் இருந்தது எது என்று கேட்டாக வேண்டும்.

தீவில் புயல்களுக்குப் புனிதர்களின் பெயரிடுவது பழைய வழக்கம். எந்தப் புனிதரின் திருநாளில் புயல் கரையேறுகிறதோ அவர் பெயரே அதற்கு. ஆகஸ்ட் 8 புனித சிரியாக்கஸின் நாள். 1899ஆம் ஆண்டின் அந்த நாளில், அமெரிக்கக் கொடி தீவில் ஏறி ஓராண்டு அளவே ஆகியிருந்தது. அதற்குச் சற்று முன்புதான், 1897 நவம்பரில், ஸ்பெயின் தீவுக்குத் தன்னாட்சிச் சாசனம் வழங்கியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் 1898 ஜூலை 17இல் கூடியது. எட்டு நாள் கழித்து ஜெனரல் நெல்சன் மைல்ஸின் படைகள் குவானிக்கா விரிகுடாவில் இறங்கின. நானூறு ஆண்டுக் காலனியாட்சியின் முடிவில் கிடைத்த தன்னாட்சி எட்டு நாள் சட்டமன்றத்தோடு முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை தீவைக் கைமாற்றியது. மேசையில் தீவினர் எவரும் இல்லை. உடன்படிக்கையின் ஆங்கில வடிவம் தீவின் பெயரைப் 'போர்ட்டோ ரிக்கோ' என்று எழுதியது. 1932 வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அமெரிக்க அரசின் ஆவணங்களில் அந்தப் பிழையே அதிகாரப்பூர்வப் பெயராக நிலவியது. தன் பெயரைத் தானே எழுதும் உரிமையும் ஆட்சியுரிமையின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது.

சான் சிரியாக்கோ 3,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் வாழ்ந்த தீவில் கால்பங்கினர் வீடின்றியும் உணவின்றியும் நின்றனர். காற்றைவிட மழையும் வெள்ளமும் கொன்றவர்களே மிகுதி. அழிவின் பெரும்பங்கு மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களின் மேல் விழுந்தது. ஸ்பானிய ஆட்சியின் இறுதிப் பத்தாண்டுகளில் தீவின் முதன்மை ஏற்றுமதி காப்பிதான். நிலம் ஓரளவு உள்ளூரார் கையில் இருந்த பயிரும் அதுவே. காப்பிச் செடி நிழல்மரத்தின் கீழ் வளர்வது. புயல் செடியோடு நிழல்மரத்தையும் வேரோடு சாய்த்தது. மீண்டும் நட்டால் பலன் காணச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கக் கடன் வேண்டும். கடன் கொடுப்பாரில்லை. ஆட்சி மாற்றத்தால் ஸ்பெயினும் கியூபாவும் தீவின் காப்பிக்கு அயல்நாடுகளாகி, சுங்கச் சுவர் எழுப்பியிருந்தன. அமெரிக்கச் சந்தையோ மலிவான பிரேசில் காப்பியில் பழகியது. அங்கே காப்பிக்கு இறக்குமதித் தீர்வை இல்லாததால், தீவின் காப்பி அமெரிக்க எல்லைக்குள் வந்தும் எந்தப் பாதுகாப்பும் பெறவில்லை. கரும்புக்கு நேர்ந்தது தலைகீழ். சர்க்கரை மீதான உயர்ந்த தீர்வை தீவுக்கு நீக்கப்பட்டபோது, கடலோரச் சமவெளிக்கு அமெரிக்க முதலீடு பாய்ந்தது. புயல் ஒரு பயிரை வீழ்த்தியது. அது எழாமலிருப்பதை உறுதிசெய்தது சுங்கச் சட்டம்.

நிவாரணம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது தனியே கவனிக்கத்தக்கது. இராணுவ ஆளுநர் ஜார்ஜ் டேவிஸின் நிர்வாகம் கப்பல் கப்பலாக உணவை வரவழைத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இலவசச் சோறு உழைப்பாளியைச் சோம்பேறியாக்கும் என்ற அச்சம் அதிகாரிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் பொதுவாக இருந்தது. ஆகவே உணவின் பெரும்பகுதி முதலாளிகளிடமே ஒப்படைக்கப்பட்டது. தொழிலாளி தோட்டத்தில் வேலை செய்தால் பங்கீடு; இல்லையேல் இல்லை. அரசின் உணவு முதலாளியின் கூலியாக உருமாறியது. யார் ஏழை, யார் உதவிக்குத் தகுந்தவர் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அவரிடமே சென்றது. வரலாற்றாசிரியர் ஸ்டூவர்ட் ஷ்வார்ட்ஸ் இந்தப் புயலைப் பற்றி எழுதிய ஆய்வில் இவ்வேற்பாட்டை விரிவாக ஆராய்கிறார். புதிய ஆட்சியாளருக்கும் பழைய நிலவுடைமையாளருக்கும் இடையே கைகோத்தல் நிகழ்ந்த இடம் நிவாரணக் கிடங்கு என்பதே அவர் திரட்டிய செய்திகளிலிருந்து எழும் சித்திரம்.

வேலையற்ற மலைநாட்டார் கப்பலேறினர். ஹவாய்க் கரும்புத் தோட்டங்களின் முகவர்கள் 1900 நவம்பர் முதல் ஆள்சேர்த்தனர். கப்பலில் நியூ ஆர்லியன்ஸ், அங்கிருந்து இரயிலில் சான் பிரான்சிஸ்கோ, மீண்டும் கப்பல் என நீண்ட அப்பயணத்தில் ஏறத்தாழ 5,000 பேர் ஓராண்டுக்குள் பசிபிக்கின் நடுவே கொண்டுசெல்லப்பட்டனர். சிலர் கலிபோர்னியாவிலேயே தப்பி நின்றனர். ஹவாயில் இன்றும் வாழும் புவெர்த்தோ ரிக்கோ வழியினர் அப்புயலின் பேரப்பிள்ளைகள்.

1900 ஏப்ரலில் ஃபோரேக்கர் சட்டம் வந்தது. ஆளுநரை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றது அது. தீவினர் தம் ஆளுநரைத் தாமே தேர்ந்தெடுக்க 1948 வரை காத்திருந்தனர். அடுத்த ஆண்டு, நியூயார்க்கில் இறங்கிய ஆரஞ்சுப் பழங்களுக்குத் தீர்வை செல்லுமா என்ற வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர் தீவின் நிலையை வரையறுத்தார்: பன்னாட்டுப் பொருளில் அது அயல்நாடன்று; உள்நாட்டுப் பொருளிலோ அது அயல்நாடே. மொழியியல் மாணவர் இந்த வாக்கியத்தோடு நெடுநேரம் செலவிடலாம். 'உள்நாட்டு', 'அயல்' என்னும் எதிர்ச்சொற்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, இரண்டின் பொறுப்புகளையும் நீக்கிவிட்டு இரண்டின் ஆதாயங்களை மட்டும் நிறுத்திக்கொள்ளும் தொடர் அது. அந்தத் தீர்ப்பு வரிசை இன்றுவரை முழுமையாக விலக்கப்படவில்லை. 1917இல் தீவினருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கு இல்லை, நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் உறுப்பினரும் இல்லை.

இடைப்பட்ட நூற்றாண்டை இங்கே விரைந்து கடக்கலாம். பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றுமொழியாகத் திணிக்கப்பட்டதும், 1940களின் இறுதியில் ஸ்பானியம் மீண்டதும் தனிக் கட்டுரைக்குரியவை. கரும்புக்குப் பின் ஆலைத்தொழில் வந்தது. 1976இல் வரிச்சட்டத்தின் 936ஆம் பிரிவு அமெரிக்க நிறுவனங்களின் தீவு வருவாய்க்கு விலக்கு அளித்தது. மருந்து ஆலைகள் குவிந்தன. 1996இல் அச்சலுகையைப் படிப்படியாக நீக்க முடிவாகி 2006இல் அது முற்றிலும் நின்றபோது, தீவின் பொருளாதாரம் சுருங்கத் தொடங்கியது. பள்ளத்தை நிரப்ப அரசு கடன்பத்திரங்களை விற்றது. அவற்றின் வட்டிக்கு அமெரிக்காவில் எங்கும் வரி இல்லை என்பதால் வாங்குவோர்க்குப் பஞ்சமில்லை. கடன் 7,000 கோடி டாலரைத் தாண்டியது. 1984இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் திவால் சட்டம், காரணம் எதுவும் பதிவாகாமலே, தீவின் நகராட்சிகளையும் பொது நிறுவனங்களையும் தன் பாதுகாப்பிலிருந்து விலக்கியிருந்தது. ஆகவே 2016இல் 'ப்ரோமேசா' என்னும் சட்டம் இயற்றப்பட்டு, எழுவர் கொண்ட நிதி மேற்பார்வை வாரியம் அமர்த்தப்பட்டது. ஸ்பானியத்தில் 'ப்ரோமேசா' என்றால் வாக்குறுதி. வாரியத்தைத் தீவினர் தேர்ந்தெடுப்பதில்லை. அதன் செலவை மட்டும் அவர்களே ஏற்கின்றனர். தீவில் அதற்கு வழங்கும் பெயர் 'லா ஹுந்த்தா'. இலத்தீன் அமெரிக்க வரலாறு அறிந்தவர்க்கு அச்சொல்லின் இராணுவ வாடை புரியும்.

மின்வாரியம் 2017 ஜூலையில் திவால் மனு அளித்தது. செப்டம்பர் 6இல் இர்மா புயல் தீவின் வடக்கே உரசிச் சென்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை அணைத்தது. செப்டம்பர் 20 காலை மரியா, தென்கிழக்கில் யபுக்கோவா அருகே மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறியது. தீவு முழுவதும் இருண்டது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ பதினொரு மாதங்கள் ஆயின.

கம்பங்கள் ஏன் அவ்வளவு எளிதில் விழுந்தன என்பதற்குக் காற்று மட்டும் விடையாகாது. கடனுக்குத் தவணை கட்டிய ஆண்டுகளில் பராமரிப்பு தள்ளிப்போடப்பட்டது. அனுபவமிக்க மின்பணியாளர் ஓய்வுபெற்றனர், புலம்பெயர்ந்தனர். மின்நிலையங்கள் பெரும்பாலும் தெற்குக் கடற்கரையில். மின்சாரத்தை நுகர்வோர் பெரும்பாலும் வடக்கே. நடுவில் மலைத்தொடர். அதைத் தாண்டும் கம்பிகள் அறுந்தால் இரு பக்கமும் பயனற்றவை. சீரமைப்புக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தத்தை மின்வாரியம் வழங்கிய மொன்டானா மாநிலத்து 'வைட்ஃபிஷ்' நிறுவனத்துக்குப் புயலின்போது முழுநேர ஊழியர் இருவரே இருந்தனர். செய்தி வெளிவந்த பின் ஒப்பந்தம் நீக்கப்பட்டது.

கப்பல்களின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டப்படி அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கேற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, அமெரிக்கருக்கு உடைமையாகி, அமெரிக்கர் செலுத்துவதாக இருத்தல் வேண்டும். அண்டையிலுள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்கு விலக்கு உண்டு. உணவின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் புவெர்த்தோ ரிக்கோவுக்கு இல்லை. அதே பருவத்தில் டெக்சாசுக்கும் ஃபுளோரிடாவுக்கும் எளிதில் கிடைத்த தற்காலிகத் தளர்வு, மரியாவுக்கு எட்டு நாள் கழித்தே, அதுவும் பத்து நாளுக்கு மட்டும், கிடைத்தது.

இனிச் சாவுக் கணக்கு. அக்டோபர் 3இல் குடியரசுத் தலைவர் தீவுக்கு வந்து கூட்டத்தின்மேல் காகிதத் துவாலைச் சுருள்களை எறிந்த நாளில், அரசு சொல்லிய எண் 16. அவர் அதைக் கத்ரீனா புயலின் ஆயிரங்களோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட இடமளித்தது. அன்றே எண் 34 ஆகி, டிசம்பரில் 64இல் நின்றது. பின் மாதக்கணக்கில் அசையவில்லை. சவ அடக்கம் செய்வோரும் மருத்துவரும் வேறு செய்தி சொல்லிக்கொண்டிருந்தனர். கூரை விழுந்து இறந்தவர் புயலால் இறந்தவர். மின்சாரம் இல்லாமல் டயாலிசிஸ் நின்று மூன்று வாரத்துக்குப் பின் இறந்தவர் சிறுநீரக நோயால் இறந்தவர். சான்றிதழில் எழுதப்படும் காரணம் அதுதான். வகைப்பாடு ஒன்றே ஆயிரக்கணக்கானோரைக் கணக்கிலிருந்து அகற்றப் போதுமானதாயிற்று. புலனாய்வு இதழியல் மையம் என்னும் உள்ளூர் அமைப்பு பதிவேடுகளைப் பெற நீதிமன்றம் சென்றது. 2018 மே மாதம் ஹார்வர்டு ஆய்வாளர் குழு வீடுவீடாகக் கேட்டறிந்து 4,645 என்று மதிப்பிட்டது. அதன் பிழை எல்லை மிக அகன்றது, 793 முதல் 8,498 வரை. அந்த அகலத்தைக் காட்டி அவ்வெண்ணைத் தள்ளிவிட முயன்றோர் உண்டு. தீவு மக்கள் அதைத் தள்ளவில்லை. ஜூன் தொடக்கத்தில் சான் ஹுவான் சட்டமன்றக் கட்டடத்தின் முன், இறந்த தம் உறவினரின் காலணிகளைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினர். செருப்பு, வேலைக்காலணி, குழந்தையின் சிறு ஜோடு என வரிசை நீண்டது. அரசு எண்ண மறுத்ததை மக்கள் ஒரு சதுக்கத்தில் எண்ணிக்காட்டினர். ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு 2,975 என்ற எண்ணைத் தர, அரசு அதை ஏற்றது. மிக வறிய நகராட்சிகளில் வாழ்ந்தோருக்குச் சாவின் இடர் 45 விழுக்காடு கூடுதல் என்பதும் அவ்வாய்வின் முடிவு. 2019 கோடையில் ஆளுநர் ரிக்கார்தோ ரொசெய்யோவும் அவர் வட்டத்தாரும் புயலில் இறந்தோரின் உடல்களையும் கேலி செய்த தனியுரையாடல் வெளியானபோது, இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கி அவரைப் பதவி விலகச் செய்தனர். அந்தச் சினத்தின் விதை காலணி வரிசையில் இருந்தது.

மரியாவுக்குப் பின் தீவைப் பற்றி எழுதியவர்கள் மிகுதியாகக் கையாண்ட சொல் 'ரெசிலியென்சியா', அதாவது மீள்திறன். உத்துவாதோ நகராட்சியின் ரியோ அபாஹோ பகுதியில் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, அக்கரையில் சிக்கியவர்கள் ஆற்றின் குறுக்கே கம்பி கட்டிக் கடைத் தள்ளுவண்டி ஒன்றைக் கப்பியில் தொங்கவிட்டு உணவும் நீரும் கடத்தினர். தம் இருப்பிடத்துக்கு 'மறக்கப்பட்டோர் முகாம்' என்று பெயரும் இட்டனர். பெயரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. வெளியார் படம்பிடித்துச் சென்றது தள்ளுவண்டியை. மீள்திறன் என்னும் பாராட்டில் உள்ள சிக்கல் இதுதான்: தாங்கிக்கொள்ளும் ஆற்றலைப் புகழும் வாக்கியத்தில் தாங்கச் செய்தவன் எழுவாயாக வருவதே இல்லை. யாரிமார் போனிய்யா போன்ற தீவின் அறிஞர்கள் இச்சொல்லை ஐயத்தோடு அணுகுவதற்குக் காரணம் உண்டு.

களத்தில் இருந்தவர்களின் சொல் வேறு: 'ஆட்டோஹெஸ்தியோன்'. தன்னைத் தானே நடத்துதல் என்று பெயர்க்கலாம். அது மரியாவுக்குப் பின் பிறந்த சொல்லன்று. மலையூரான அதுஹுந்தாசில் 1980இல், அலெக்சிஸ் மசோல் கொன்சாலெசும் தின்தி தேயாவும் ஊராருடன் சேர்ந்து, மலையைப் பிளந்து செம்பு எடுக்கும் திட்டத்தை எதிர்க்கத் தொடங்கினர். அவ்வியக்கமே 'காசா புவெப்லோ' ஆயிற்று; மக்கள் இல்லம் என்று பொருள். முதல் கூட்டத்துக்கு வந்தவர் ஒருவரே என்று அவர்கள் சொல்வதுண்டு. பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1995இல் திட்டம் கைவிடப்பட்டது. சுரங்கமாகவிருந்த நிலம் ஊரார் பேணும் காடாயிற்று. காப்பி விற்று வரும் பணத்தில் இயக்கம் நடந்தது. 1899இன் புயல் அடித்துப்போட்ட அதே மலைநாட்டில், அதே பயிர். 1999இலேயே அவ்வில்லத்தின் கூரையில் சூரியத் தகடுகள் ஏறிவிட்டன.

அதனால் மரியாவுக்கு மறுநாள் ஊர் முழுதும் இருண்டபோது அந்த இளஞ்சிவப்பு வீட்டில் விளக்கு எரிந்தது. சுவாசக் கருவி வைத்திருந்தோர் அங்கே வந்தனர், கைபேசிகள் உயிர்பெற்றன, அவர்களது சமுதாய வானொலி மீண்டும் ஒலித்து, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொன்னது. ஆயிரக்கணக்கான சூரிய விளக்குகள் வீடுகளுக்குப் போயின. பின்னர் முடிதிருத்தகம், மளிகைக்கடை, நோயாளிகளின் வீடுகள் எனத் தகடுகள் பரவின. காகுவாசில் வேறு வழி. பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் நடத்திய பொதுச் சமையலில் பழகியவர்கள் புயலுக்குப் பின் தெருவில் அடுப்பு மூட்டினர். சாப்பிட வந்தவர் பணமோ, உணவுப்பொருளோ, வேலையோ தரலாம். 1899இன் பங்கீட்டிலும் உணவுக்கு எதிராக உழைப்பு இருந்தது. ஆனால் இங்கே பாத்திரம் கழுவியவர் அடுத்த கூட்டத்தில் என்ன சமைப்பது என்று முடிவெடுப்பவராகவும் இருந்தார். இத்தகைய பரஸ்பர உதவி மையங்கள் தீவெங்கும் தோன்றின. சில, சிக்கனத்தின் பேரில் மூடப்பட்ட அரசுப் பள்ளிக் கட்டடங்களில் குடியேறின. புயலுக்கு அடுத்த ஆண்டு மட்டும் மூடப்பட்ட பள்ளிகள் 250க்கும் மேல்.

இவற்றைக் கொண்டு அரசு தேவையில்லை என்று வாதிடுவோரும் உண்டு. அது பிழையான வாசிப்பு. ஒரு சமுதாயச் சமையலறை உயர் அழுத்த மின்கம்பியை மலைக்கு மேல் இழுக்க முடியாது. நிலப் பத்திரம் இல்லை என்ற காரணத்துக்காகக் கூட்டரசின் பேரிடர் உதவி பல்லாயிரம் குடும்பங்களுக்கு மறுக்கப்பட்டபோது, அதைத் திறக்க வழக்கறிஞர்களும் சட்டமும் தேவைப்பட்டன. 2020 ஜனவரியில் நிலநடுக்கத்தால் தெற்குக் கரை மக்கள் வெட்டவெளியில் படுத்திருந்த வேளையில், போன்சே நகரில் தண்ணீர் புட்டிகளும் படுக்கைகளும் பங்கிடப்படாமல் கிடந்த அரசுக் கிடங்கை மக்கள் திறந்து வைத்தனர். அவர்கள் கேட்டது அரசின் இன்மையை அன்று, பொறுப்பை.

2021 ஜூனில் மின்விநியோகம் 'லூமா' என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் வந்தபோது தீவு மீண்டும் முழுமையாக இருண்டது. அதுஹுந்தாசின் சூரிய வீடுகளில் வெளிச்சம் இருந்தது. அடுத்த மார்ச்சில் அவ்வூர்ச் சதுக்கத்துக் கடைகளை இணைக்கும் சிறு மின்கட்டமைப்பு இயங்கத் தொடங்கியது. மின்வாரியத்தின் பழைய கடன் மட்டும் இன்னும் நிற்கிறது. அதைத் தீர்க்க 2019இல் போடப்பட்ட உடன்பாடு ஒன்று, தம் கூரையில் தாமே உண்டாக்கும் மின்சாரத்துக்கும் மக்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. தீவு அதை 'வெயில் வரி' என்றழைத்தது. 2022இல் அது கைவிடப்பட்டது. கூரையில் மிஞ்சும் மின்சாரத்தைக் கட்டமைப்புக்குத் தந்து கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் உரிமையை நீட்டித்து, 2024இல் தீவின் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாண்டு ஜூலையில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கக் கோரி நீதிமன்றம் சென்றது, அதே எழுவர் வாரியம்.